புறநகரின் பஞ்சாங்கம்

உழவனுக்குப் பஞ்சாங்கம் உண்டு. ஆடியில் விதைக்க வேண்டும், தையில் அறுக்க வேண்டும் என்பதை அவன் அறிவான். பள்ளிக்கும் பஞ்சாங்கம் உண்டு. எப்போது திறப்பு, எப்போது அரையாண்டுத் தேர்வு, எப்போது விடுமுறை என்று மாணவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். நாம் குடியிருக்கும் ஊருக்கும் அப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. எந்த மாதத்தில் வரி, எந்த மாதத்தில் வரவு செலவுத் திட்டம், எந்த மாதத்தில் வடிகால் தூர்வாரும் வேலை, எந்த நாளில் மக்கள் கூடிப் பேசும் சபை என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆனால் அதைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலர். அந்தப் பஞ்சாங்கத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உள்ளாட்சியைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்குத் தெற்கே இருக்கும் தாம்பரம் அந்த ஊர். 1928-இல் அங்கே காசநோயாளருக்கான மருத்துவ நிலையம் ஏற்பட்டது. நல்ல காற்று வீசும் இடம் என்று பெயர் பெற்றிருந்த காலம் அது. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டு அங்கே குடிபெயர்ந்தது. 1964-இல் தாம்பரம் நகராட்சி ஆயிற்று. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்னும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது.

ரயில் வளர்த்த ஊர் இது. அதனால் புறநகருக்கே உரிய ஒரு குணம் இதற்கும் வாய்த்தது. காலை வேளையில் தாம்பரம் நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஊரே புறப்பட்டு வடக்கே போவது போல இருக்கும். அலுவலகம் பட்டணத்தில், கல்லூரி பட்டணத்தில், பொழுதுபோக்கும் பட்டணத்தில். இரவில் திரும்பி வந்து உறங்குவதற்கு மட்டுமே வீடு. இப்படி வாழ்வோருக்கு அமைச்சர்களின் பெயர்கள் தெரியும். தம் வார்டின் எண் தெரியாது. ஆனால் சாக்கடையும் குப்பையும் தெருவிளக்கும் பட்டணத்தில் இல்லை. தம் வீட்டு வாசலில்தான் இருக்கின்றன. மனம் ஓரிடம், வாசல் ஓரிடம் என்று பிரிந்து நிற்பதுதான் புறநகர் வாழ்வின் பெருங்குறை என்பேன்.

தாம்பரத்திலிருந்து தெற்கே சில மணி நேரப் பயணத்தில் உத்தரமேரூரை அடையலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறையில் எல்லோருக்கும் இடம் இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அந்த உரிமை இருந்தது. இதை மறைத்துவிட்டு அதைக் குடியாட்சி என்று கொண்டாடுவது முறையாகாது. ஆயினும் இரண்டு செய்திகள் என் மனத்தைக் கவர்கின்றன. ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்றதோடு, ஏரி வாரியம் என்று ஏரிக்கெனவே ஆறு பேரை அமர்த்தினார்கள். அவர்களுடைய பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி ஓலையில் இடம்பெற முடியாது. ஏரி, ஆண்டு, கணக்கு ஆகிய இம்மூன்றையும் ஒன்றாக முடிச்சிட்டு வைத்தார்கள். பதினொரு நூற்றாண்டு கழிந்த பின்னும் தாம்பரத்தின் வழக்கு அதே மூன்றைப் பற்றியதாகவே இருக்கிறது.

நம் காலத்து உள்ளாட்சிக்கு 1882-இல் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தீர்மானம் ஒரு தொடக்கம். ஸ்தல ஸ்தாபனங்கள் மக்களுக்கு அரசியல் கல்வி தரும் பள்ளிகளாக வேண்டும் என்பது அதன் கருத்து. பின்னாளில் இராஜாஜி சேலத்திலும், பெரியார் ஈரோட்டிலும் நகரசபைத் தலைவர்களாக இருந்தது அந்தப் பள்ளியில்தான். விடுதலைக்குப் பின் 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. அவற்றின் கவனத்துக்கு உரியவையாக 18 பொருள்கள் வரிசைப்படுத்தப்பட்டன. ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

விதி இருந்தும் ஒரு நீண்ட இடைவெளி ஏற்பட்டது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தல் வழக்கினால் நின்றது. பிறகு வார்டு வரையறை என்றும் வழக்கு என்றும் தள்ளிக்கொண்டே போயிற்று. 2022 பிப்ரவரி 19-ஆம் நாள்தான் தமிழ்நாட்டு நகரங்களில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. இடையிலிருந்த ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம், தனி அலுவலர்களே நிருவாகத்தை நடத்தினார்கள்.

அந்தக் காலத்தில் தெருவிளக்கு எரியவில்லையா, குப்பை அள்ளப்படவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். விளக்கு எரிந்தது, குப்பையும் அள்ளப்பட்டது. இல்லாமற்போனது வேறொன்று. அலுவலர் மேலிடத்துக்குப் பதில் சொல்பவர். உறுப்பினர் தெருவுக்குப் பதில் சொல்பவர். வாசலில் நின்று கேட்பதற்கும், கேட்டால் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டு நிற்பதற்கும் ஓர் ஆள் இல்லை. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. அப்போது சிட்லபாக்கத்து மக்கள் தாமே மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு தம் ஏரியில் இறங்கித் தூர்வாரினார்கள். அந்த ஆண்டே ஏரியைச் சீர்செய்ய 25 கோடி ரூபாய் அரசால் ஒதுக்கப்பட்டது. மன்றம் இல்லாத காலத்திலும் மக்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஊரே மண்வெட்டி ஏந்தித்தான் குரல் எழுப்ப வேண்டுமென்றால், அந்த ஊருக்கு ஆட்சி முறை எதற்கு?

2022-இல் மன்றம் திரும்பியது. தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். நகர உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்னும் சட்டத்தின்படி நடந்த தேர்தல் அது. தாம்பரத்தின் முதல் மேயராக 25 வயதான வசந்தகுமாரி கமலக்கண்ணன் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளும் வந்தன. சிற்றூருக்குக் கிராம சபை இருப்பது போல, நகரத்துத் தெருக்களுக்குப் பகுதி சபை. ஒரு வார்டு சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் அந்தச் சபையின் உறுப்பினர். 2022 நவம்பர் 1-ஆம் நாள், உள்ளாட்சி நாளன்று, பம்மலில் கூடிய பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். பகுதி சபை கூடுவதற்கு ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறித்தறிவிக்கப்பட்டன. முதலாவது வாக்காளர் நாள். அடுத்தது அம்பேத்கர் பிறந்த நாள். மூன்றாவது அண்ணா பிறந்த நாள். நான்காவது மனித உரிமை நாள்.

மாணவ நண்பர்களே, இந்த நான்கு நாட்களையும் வெறும் விழா நாட்களாக எண்ணிவிடாதீர்கள். அவற்றை மழையோடு பொருத்திப் பாருங்கள். அப்போது புறநகரின் பஞ்சாங்கம் விளங்கும்.

தாம்பரத்துக்குப் பெருமழை வருவது வடகிழக்குப் பருவக் காற்றில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு பெருகி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் முதல் மாடி வரை மக்களைத் துரத்தியதை நாடறியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் புறநகரின் தாழ்ந்த தெருக்களில் நீர் நின்றது. இப்படிப்பட்ட மழையை எந்த மன்றமும் தடுக்க முடியாது. ஆனால் நீர் ஒரு நாளில் வடிவதும் ஒரு வாரம் நிற்பதும் வடிகாலைப் பொறுத்தவை.

இனிப் பின்னோக்கிக் கணக்கிடுவோம். அக்டோபரில் மழை வருமானால், செப்டம்பருக்குள் வடிகால் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். அதற்கு ஒப்பந்தக்காரர் ஜூலையிலேனும் வேலையைத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தரவேண்டும் என்பது தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி விதி. ஒப்பந்தப்புள்ளிக்கு முன்னால் மதிப்பீடு; மதிப்பீட்டுக்கு முன்னால் மன்றத்தின் தீர்மானம்; இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பணம். பணம் ஏப்ரல் முதல் நாள் தொடங்கும் நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் இருந்தாக வேண்டும். அந்தத் திட்டம் ஏப்ரலுக்கு முன்பே மன்றத்தின் முன் வந்துவிடும். அதில் நம் தெருவின் வடிகால் இடம்பெற வேண்டுமானால், கேட்க வேண்டிய நாள் எது? ஜனவரி 25!

நவம்பரில் நம் வாசலுக்கு வரும் வெள்ளத்தின் வழக்கு ஜனவரியில் தீர்ந்துவிடுகிறது. நாமோ நவம்பரில் முழங்கால் நீரில் நின்றுகொண்டு கூக்குரல் இடுகிறோம். அப்போது எந்த அலுவலரும் செய்யக்கூடியது நீர் இறைக்கும் பம்பை அனுப்புவது ஒன்றுதான். காலம் கடந்த கேள்விக்குப் பம்புதான் விடை.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் நான்கு சபைகளும் நான்கு வேலைக்கு உரியவை. டிசம்பர் 10-இல், எந்தத் தெருவில் நீர் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று நினைவு ஈரமாக இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். ஜனவரி 25-இல், அதற்கு என்ன வேலை வேண்டும் என்று கேட்க வேண்டும். ஏப்ரல் 14-இல், கேட்டது திட்டத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். செப்டம்பர் 15-இல், வேலை முடிந்ததா என்று நடந்துபோய்க் கண்ணால் காண வேண்டும். இவ்வளவுதான் அந்தப் பஞ்சாங்கம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீருக்கு நிருவாக எல்லை தெரியாது. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2015-இல் இந்த ஒரே நீர்வழி ஒரு பேரூராட்சி, ஒரு நகராட்சி, ஓர் ஊராட்சி, இன்னொரு நகராட்சி, சென்னை மாநகராட்சி என ஐந்து நிருவாகங்களைக் கடந்து சென்றது. மேலேயிருப்பவர் கால்வாயை அகலப்படுத்தினால் கீழேயிருப்பவர் மூழ்குவார்; கீழேயிருப்பவர் அடைத்தால் மேலேயிருப்பவர் மூழ்குவார். பத்து உள்ளாட்சிகளை ஒன்றாக்கியதற்கு வலுவான நியாயம் இதுதான் என்று கருதுகிறேன். அப்படி ஒன்றாக்கிய பின்னும் வேலி முற்றும் நீங்கிவிடுவதில்லை. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு; பெருஞ்சாலைகளும் அவற்றின் ஓர வடிகால்களும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு; ரயில் பாதைக்கு அடியில் செல்லும் கால்வாய்க்கு ரயில்வேயைக் கேட்க வேண்டும். தெரு வடிகாலுக்கு மாநகராட்சி. யாரிடம் எதைக் கேட்பது என்று அறிவது குடிமைக் கல்வியின் முதற் பாடம். தவறான கதவைத் தட்டிவிட்டு, ஊரில் ஒருவரும் கதவு திறப்பதில்லை என்று நொந்துகொள்வதில் பயன் இல்லை.

ஒன்றாக்கியதில் ஓர் இழப்பும் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தப் பத்து ஊர்களிலும் சேர்த்து ஏழு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 70 உறுப்பினர் என்றால், ஓர் உறுப்பினருக்கு அப்போதைய கணக்கிலேயே பதினாயிரம் பேர். முன்பு சிறு பேரூராட்சியில் உறுப்பினர் பக்கத்துத் தெருக்காரர்; அவரைக் காலைக் கடைவீதியில் பார்த்துப் பேசிவிடலாம். ஊர் பெரிதாகும்போது நிருவாகத்தின் கை நீள்கிறது, காது தொலைவாகிறது. அந்தக் காதை மறுபடி அருகில் கொண்டுவருவதற்குத்தான் பகுதி சபை. சபை கூடாமலோ, கூடியும் நாற்காலிகள் வெறுமையாகவோ இருந்தால், பெரிய ஊரின் நன்மைகள் பாதியாகக் குறைந்துபோகும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். சொத்து வரி ஆண்டுக்கு இருமுறை. ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டுக்கு ஒன்று, அக்டோபரில் தொடங்கும் அரையாண்டுக்கு ஒன்று. 2023-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அரையாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்துவோருக்கு, 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், வரியில் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதைச் சிக்கனம் என்று எண்ணிக் கட்டுவோர் உண்டு, நல்லதுதான். ஆனால் வரி வெறும் கட்டணம் அன்று. கட்டணம் செலுத்தியவன் பொருளைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறான். வரி செலுத்தியவனுக்கோ கணக்குக் கேட்கும் உரிமை பிறக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. தன் தெரு வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவிட்டார்கள் என்று எந்தக் குடிமகனும் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தரவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உத்தரமேரூர்க் கல்வெட்டு கணக்குக் காட்டாதவனை விலக்கியது. நம் சட்டம் கணக்குக் கேட்பவனுக்கு வழிவிட்டிருக்கிறது. அந்த வழியில் நடப்பார்தாம் வேண்டும்.

இதில் மாணவர்கள் செய்யக்கூடியது என்ன? பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு வாக்கு இல்லை, உண்மைதான். ஆனால் கண் இருக்கிறது, எழுதுகோல் இருக்கிறது. ஒரு பள்ளியின் ஒரு வகுப்பு மாணவர்கள், மழை பெய்த மறுநாள், தத்தம் தெருவில் நீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று குறித்து, ஒரு வரைபடத்தில் பதிந்து வைத்தால், அது டிசம்பர் சபைக்குப் பெரியவர்கள் கொண்டுபோகத்தக்க சான்றாகும். உணர்ச்சி மிகுந்த பத்துப் பேச்சுகளைவிட, அளவெடுத்த ஒரு தாள் மன்றத்தில் அதிகம் பேசும். கல்லூரி மாணவர்களுக்கோ பதினெட்டில் வாக்குரிமை கிடைக்கிறது. இருபத்தொன்றில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் உரிமையும் கிடைக்கிறது. சட்டமன்றத்துக்கு நிற்க இருபத்தைந்து வயது ஆக வேண்டும். உள்ளாட்சியின் வாயில் இளைஞருக்கு நான்கு ஆண்டு முன்னதாகவே திறக்கிறது. அதில் நுழைய மனமில்லாதவர்கூட, அந்த வாயிலில் நின்று உள்ளே நடப்பதைக் கவனிக்கலாம் அல்லவா?

உள்ளாட்சியில் கட்சிச் சண்டை உண்டு, தாமதம் உண்டு, மனக்கசப்பும் உண்டு. அவற்றை மறுப்பதற்கில்லை. கேட்டும் கிடைக்காத ஆண்டுகளும் வரும். இருந்தும், பதிவான கேள்வி மறைந்துவிடுவதில்லை; அடுத்த ஆண்டு அது இரண்டாம் முறையாகக் கேட்கப்படும்போது வலுப்பெறுகிறது. மூன்றாம் முறை அதற்கு விடை சொல்லாமல் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவது எவருக்கும் எளிதன்று. எவரும் கேளாத கேள்விக்கு இந்த வலிமை என்றும் வராது.

ஆகவே உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நான்கு தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர் தாம்பரமாக இருக்க வேண்டியதில்லை. ஆவடியாக இருக்கலாம், வேறு எந்தப் புறநகராகவும் இருக்கலாம். உங்கள் வார்டின் எண்ணையும், உறுப்பினரின் பெயரையும், பகுதி சபை கூடும் இடத்தையும் அந்த வட்டத்தின் அருகில் எழுதுங்கள். சபை கூடும் நாளில் தாய் தந்தையரிடம், இன்று நம் தெருவுக்காக யார் போகிறார்கள் என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் கேட்டால் போதும்; அடுத்த வீட்டிலும் அந்தக் கேள்வி எழும். மழை தன் மாதம் தவறாமல் வருகிறது. அதற்குப் பத்து மாதம் முன்னதாக நாமும் தவறாமல் போய் உட்கார வேண்டிய நாற்காலி ஒன்று நம் தெருவுக்கென்று காத்திருக்கிறது.